பெயின்ற் படாத பலகை

திமிங்கிலம் அவிகிற நாற்றத்தை முகர்ந்து பார்க்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்று பத்து வருடங்களுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இப்போது அதுதான் என் வேலை. வரிசையில் நிற்பவர்களுக்கு முகமூடியை மாட்டிவிடுவேன். மயங்குகிறவர்களைப் பிடிப்பேன். வாந்தி எடுக்கிறவர்களுக்குப் பை கொடுப்பேன்.

ஸ்கார்வாய் வட நோர்வேயில் ஒரு சின்னத் தீவு. 1967 வரை இங்கே திமிங்கிலம் வெட்டினார்கள். பிறகு மீன் பதனிடும் தொழிற்சாலை வந்தது. அதற்கு ஆள் பற்றாக்குறை வந்தபோது இலங்கையிலிருந்து எங்கள் அப்பாமார் வந்தார்கள். நானும் அங்கே ஆறு வருடம் இரவு வேலை செய்தேன். இப்போது தொழிற்சாலை இல்லை. மிஞ்சியிருப்பது அருங்காட்சியகம். திமிங்கிலத்தை இழுத்து ஏற்றிய சாய்தளம், எண்ணெய் காய்ச்சிய கொட்டகை, வேட்டைக்காரர்கள் தங்கிய விடுதி, துறைமுகத்தில் இரண்டு தாடை எலும்புகளை நட்டு வைத்த வளைவு. இவற்றோடு மூக்கும் இருக்கிறது. அந்த இயந்திரத்துக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. ஊரில் எல்லோரும் மூக்கு என்றுதான் சொல்வோம்.

மே மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் காலைக் கப்பலிலிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். ஆறு பேர் ஜெர்மன்காரர். ஏழாவது ஆள் தன்னைவிட இரண்டு அளவு பெரிய நீலக் குளிர்ச்சட்டைக்குள் நின்ற ஒரு தமிழ்ப் பெண். அறுபதைத் தாண்டிய வயது. நேரே என்னிடம் வந்தார்.

"நீதானே மூக்குக்காரப் பிள்ளை?"

"ஓம் அன்ரி. நிரோஜினி."

"நான் தவமலர். கரவெட்டியிலை இருந்து வாறன். முதல் உங்கட சாமானைக் காட்டு. ஏன் வந்தனான் எண்டு பிறகு சொல்லுறன்."

எண்ணெய் காய்ச்சிய கொட்டகையில் முதல் ஜெர்மன்காரர் நாலு விநாடியில் முகமூடியைக் கழற்றிவிட்டு வெளியே ஓடினார். தவமலர் முகமூடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். பிறகு கழற்றி, உள்பக்கத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்துத் தந்தார்.

"உதுக்கே அந்த மனுசன் ஓடினவர்? எங்கட பக்கம் சுறா காயவைக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் செத்துப்போவார்."

"அங்கையும் ஒரு மூக்கு வைக்கலாம் அன்ரி."

"தேவையில்லை. எங்களுக்குச் சொந்த மூக்கு இருக்கு. இது என்னெண்டு வேலை செய்யுது?"

வழக்கமாக வருகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. கேட்டாலும் பதிலுக்கு நிற்பதில்லை. இவர் நின்றார்.

"மரம் சுத்திவரக் கிடக்கிற காத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடிச்சுக்கொண்டே இருக்கும். புதுசு மேலை, பழசு உள்ளை. நாங்கள் பலகையைத் தலைமயிரைவிட மெல்லிசான அடுக்கு அடுக்காய்ச் சூடாக்குறம். குடிச்சு வைச்சதை அந்த அடுக்கு வெளியிலை விடும். மூக்கு அதை முகர்ந்து எழுதி வைக்கும். எழுதினதை வைச்சு அதே மணத்தைத் திருப்பிக் கலந்து முகமூடிக்குள்ளை விடுவம்."

"சூடாக்கின அடுக்கு?"

"போச்சு. ஒருக்கால்தான்."

"அப்ப அடியிலை கிடக்கிறதை எடுக்கிறதுக்கு மேலை கிடக்கிறதை அழிக்க வேணும்."

"ஓம்."

"அழிக்கேக்கை அதையும் எழுதுவியளோ?"

கையில் முகமூடியோடு அவரைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி.

"மெதுவாய்ச் சூடாக்கினால் எழுதலாம். ஒரு அடுக்குக்கு நாலு மணித்தியாலம் பிடிக்கும். கெதியாய்ச் சூடாக்கினால் எத்தினை அடுக்கெண்டாலும் பத்து நிமிசம். ஒண்டும் மிஞ்சாது."

"விடுதியிலை நாளைக்கு எப்பிடிச் செய்யப் போறாய்?"

வெள்ளிக்கிழமை பலகையை எரித்து, சனிக்கிழமை விடுதி அறையில் '1932 வேட்டைக்காலம்' திறப்பதாக அருங்காட்சியகப் பக்கத்தில் அறிவித்திருந்தோம். அவர் அதைத்தான் படித்திருக்கிறார்.

"கெதியாய்," என்றேன்.

"அதுக்குத்தான் வந்தனான். கருணைராசா என்ரை அண்ணா."

*

கருணைராசாவை இந்த ஊரில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். பார்த்ததால் அல்ல. 1989 பெப்ரவரியில் குடித்துவிட்டு எலும்பு வளைவின் கீழ் படுத்து உறைந்து செத்தவர். ஒவ்வொரு பெப்ரவரியிலும் தமிழ்ச் சங்கம் அங்கே மெழுகுதிரி கொளுத்தும். சங்கத் தலைவர் என்ற முறையில் என் அப்பா குகதாசன் ஐந்து நிமிடம் பேசுவார். நாங்கள் மூக்கு ஒழுக நின்று கேட்போம். வீட்டுக்குப் போகும் வழியில் ஏதாவது ஒரு அம்மா தன் மகனிடம் சொல்வார்: "குடிச்சால் கருணைராசா மாதிரித்தான் போவாய்."

தவமலரை வளைவுக்குக் கூட்டிப்போனேன். எந்த எலும்பின் அடியில் என்று கேட்டார். இடது பக்கத்தைக் காட்டினேன். அவர் குனிந்து பார்க்கவில்லை, தொடவில்லை. திரும்பி விடுதியைப் பார்த்தார். அதன் வாசல் வரை நடந்து போய், மறுபடி நடந்து வந்தார். உதடு அசைந்தது.

"நூற்றிநாற்பத்தாறு அடி," என்றார். "அண்ணாவுக்கு அண்டைக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகேல்லை. அது கொம்பனியின்ரை பதிவிலை இருக்கு. காலிலை சப்பாத்து இல்லை. அது பொலிஸ் பதிவிலை இருக்கு. காய்ச்சல்காரன் வெறுங்காலோடை பனியிலை நூற்றிநாற்பத்தாறு அடி நடந்து வந்து படுத்தவனாம்."

"இந்தப் பதிவுகள் எல்லாம் எப்பிடி எடுத்தனீங்கள்?"

"கடிதம் எழுதி. தபால் கந்தோரிலை முப்பத்தொரு வருசம் வேலை செய்தனான், பிள்ளை. கடிதத்துக்குப் பதில் வராட்டில் என்ன செய்ய வேணும் எண்டு எனக்குத் தெரியும். இன்னொரு கடிதம் எழுத வேணும்."

எலும்பில் சாய்ந்து நின்று மிச்சத்தையும் சொன்னார். சாராய மணம் பட்டாலே வாந்தி எடுக்கிறவனாம் அண்ணா. குடிகாரனாய்ச் செத்தவனுக்கு என் வீட்டில் இடமில்லை என்று அவர்களின் அப்பா சாகும்வரை படத்தைச் சுவரில் கொழுவ விடவில்லை. அம்மா அதை அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்துப் பார்த்தாராம். அந்த அம்மா போன வருடம் செத்துப்போனார்.

"எனக்கு ஒண்டு தெரிஞ்சால் போதும். அவன் குடிச்சவனோ இல்லையோ. குடிச்சவன் எண்டால் ஒத்துக்கொண்டு போறன். ஆனால் ஆரோ சொன்னதை வைச்சு ஒத்துக்கொள்ள மாட்டன். பலகை சொல்லட்டும்."

"நாளைக்குக் காலமை எரிக்கிறதாய் முடிவு பண்ணியாச்சு அன்ரி. நான் வெறும் வேலைக்காரி."

"முடிவு பண்ணினது ஆர்?"

*

முடிவு பண்ணியது இங்கெபோர்க், அருங்காட்சியகப் பொறுப்பாளர். ஐம்பத்தைந்து வயது, கெட்ட மனுசி இல்லை. அவருடைய தாத்தா அந்த அறையில்தான் ஆறு வேட்டைக்காலம் தங்கியவர். 1932 என்ற வருடத்தைத் தேர்ந்தது அதனால்தான்.

"நிரோ, சனிக்கிழமைக் கப்பலில் நானூறு பேர் வருகிறார்கள். திமிங்கிலத்துக்காக வருகிறார்கள்."

"ஒரே ஒரு அடுக்கு. 89. மற்றதெல்லாம் வேகமாக எரிக்கிறேன். காலை ஏழுக்குத் தொடங்கினால் பதினொன்றுக்கு முடியும். உங்கள் 32-க்குப் பின்னேரம் இருக்கிறது."

"ஒரு ஆள் குடித்திருந்தானா என்று பார்ப்பது பொலிஸின் வேலை."

"பொலிஸ் தன் வேலையை 89-லேயே முடித்துவிட்டது."

அந்த அறையில் பெயின்ற் படாத பலகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தொண்ணூற்றாறில் கொம்பனி சுவர் முழுக்க பெயின்ற் அடித்தபோது, சுவரோடு ஆணி அடித்த கட்டிலுக்குக் கீழே குனிய யாருக்கோ சோம்பல் வந்திருக்கிறது. அதனால் தப்பிய பலகை. நாளைக்கு எரித்தால் கேட்பதற்கு வேறு இடமில்லை. இதை இங்கெபோர்க்குக்குச் சொல்லிக்கொண்டே விடுதிக்கு நடந்தேன். உள்ளே தவமலர் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கைப்பையை மடியில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

"இவவுக்குச் சொல்லு," என்றார் என்னிடம். "எழுதுறன் எண்டு சொல்லும் மட்டும் இதிலை இருந்து எழும்ப மாட்டன்."

மொழிபெயர்த்தேன். இங்கெபோர்க் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் இருப்பாராம்?"

கேட்டேன். "விசா தொண்ணூறு நாள்," என்றார் தவமலர்.

இங்கெபோர்க் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "காலை ஏழு மணி. பதினொன்றுக்கு மேல் ஒரு நிமிடம் தர மாட்டேன்," என்றார். "காபி குடிப்பாரா?"

*

வீட்டில் அப்பா கொட் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தவமலர் வந்ததைச் சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

"சாப்பிட்டவவோ?"

"ஓம். நாளைக்குப் பலகையை மெதுவாய் எரிக்கப் போறன். அவவின்ரை அண்ணா இருந்த குளிர்காலத்தை எழுதப் போறன்."

இப்போது கத்தி நின்றது.

"உது தேவையில்லாத வேலை பிள்ளை. செத்தவனைத் தோண்டக் கூடாது."

"பலகையைத்தான் தோண்டுறன்."

"நான் சொல்லுறன். எல்லாத்தையும் கெதியாய் எரிச்சுப்போட்டு வெள்ளைக்காரன்ரை காலத்தை எடு. அவங்கள் அதைத்தானே கேட்டவங்கள்?"

"அதே அறையிலைதானே அப்பா நீங்களும் இருந்தனீங்கள்?"

"நாலு பேர் இருந்தனாங்கள்," என்றார். ஒருவர் லண்டனில், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் கருணைராசா. பிறகு வெட்டின மீனை மறுபடி மறுபடி கழுவினார்.

நான் இரசாயனப் படிப்பைப் பாதியில் விட்டவள்தான், முட்டாள் இல்லை. என்ன என்று தெரியவில்லை, ஆனால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. நிறுத்தவும் முடியும். இயந்திரம் பழுது என்று ஒரு வார்த்தை சொன்னால் இங்கெபோர்க் வேகமாக எரித்துவிடச் சொல்வார். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. தட்டைக் கழுவி வைத்து முடிப்பதற்குள் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

"ஏழு மணிக்குத் தொடங்குவன்," என்றேன். "வாறதும் விடுறதும் உங்கட விருப்பம்."

*

இன்றிலிருந்து 90 வரையான அடுக்குகளை வேகமாக எரித்தேன். பத்து நிமிடம். அதில் எங்கள் அப்பாமாரின் ஆறு வருடமும் கரும்புள்ளியாகப் போனது. பொத்தானை அழுத்தியது நான்தான். பிறகு வெப்பத்தைக் குறைத்து மெதுவாகப் போனேன்.

தவமலருக்கு முகமூடியை மாட்டிவிட்டேன். வருகிறதைக் கலந்து அப்படியே அனுப்பினேன்; ஒரு அடுக்குக்குள் மணங்கள் முன்பின்னாகத்தான் வரும், எது எந்த ஆழம் என்பதைத் திரை காட்டும். அவர் கண்ணை மூடி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நனைஞ்ச கம்பளி. ஆம்பிளையளின்ரை சொக்ஸ். விபூதி." கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "மிளகாய்த்தூள். இது எங்கட தூள். அம்மா பெருஞ்சீரகத்தைக் கூட வறுத்துப்போடுவா. பாசலிலை நான்தான் கட்டி அனுப்பினனான்."

திரையைப் பார்த்தேன். "மண்ணெண்ணெயும் வருது அன்ரி. நிறைய. படுக்கிற அறைக்குள்ளை ஏன் மண்ணெண்ணெய்?"

"சமைச்சனாங்கள்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

அப்பா. சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், கோவிலுக்கு வந்தவர் மாதிரி. எனக்குத் தெரிந்து அவர் இந்த விடுதிக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

தவமலர் முகமூடியைக் கழற்றாமலே கேட்டார். "தாசண்ணையோ?"

"ஓம் தங்கச்சி."

"அண்ணா செத்ததை எழுதின கடிதத்திலை உங்கட எழுத்து வடிவாய் இருந்தது. இருங்கோ."

அப்பா இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். விடுதியின் மற்றப் பாதியில் மனேச்சரின் குடும்பம் இருந்தது. எங்கள் கறி மணம் மனுசியின் திரைச்சீலைகளில் ஏறுகிறது என்று பொதுக் குசினியில் தூள் போட்டுச் சமைக்கத் தடை. எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"திமிங்கிலம் அவிச்ச வீட்டிலையோ?" என்றார் தவமலர்.

"அதைத்தான் நாங்களும் சொல்லிச் சிரிக்கிறனாங்கள். சிரிச்சுப்போட்டு அறைக்குள்ளை ஒளிச்சுச் சமைச்சனாங்கள். பிடிபட்டால் வெளியிலை விட்டிடுவாங்கள். அகதி வழக்கு முடியேல்லை. வழக்கும் போயிடும் எண்டு நினைச்சம். ஆரிட்டைக் கேக்கிறது?"

ஒன்பதரைக்குத் திரையில் புகை ஏறியது. அடுப்பு சரியாக எரிகிறபோது வருகிற புகை அல்ல. காற்றில்லாமல், அரைகுறையாக, பல மணி நேரம் எரிந்த புகை. அந்த அடுக்கில் அதுதான் கடைசிச் சமையல். அதன் பிறகு மண்ணெண்ணெயும் இல்லை, தூளும் இல்லை. அந்தப் புகைக்கு நேர் மேலே, அதாவது அதற்குச் சற்றுப் பிறகு, மிக மெல்லியதாக, சாராயம்.

அடுக்கு முழுவதையும் மறுபடி பார்த்தேன். அந்தக் குளிர்காலத்தில் வேறெங்கும் சாராயம் இல்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும்.

"என்ன?" என்றார் தவமலர். முகமூடியைக் கழற்றியிருந்தார். "சாராயம் மணந்தது. சொல்லு."

"இருக்கு அன்ரி."

அவர் முகம் மாறவில்லை. கைப்பையின் பிடியை மட்டும் இறுக்கினார்.

"ஆனால் கேளுங்கோ. குடிச்ச ஆள் மூச்சு விட்டால் வாறது வேறை. உடம்புக்குள்ளை போனால் சாராயம் மாறும். மாறினது மூச்சிலையும் வேர்வையிலையும் வரும், பலகை அதைக் குடிக்கும். இதிலை அது ஒரு துளியும் இல்லை. இது போத்திலிலை இருந்து நேரை வந்தது. ஒரு உடம்புக்குள்ளையும் போகேல்லை."

"தமிழிலை சொல்லு."

"அவர் குடிக்கேல்லை. ஊத்தியிருக்கினம்."

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்துவிட்டது.

"நான்தான்," என்றார் அப்பா.

*

அன்று அப்பாவும் மற்ற இரண்டு பேரும் விடிய ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்திருக்கிறார்கள். கருணைராசா அடுப்பில் மீன்குழம்பு வைத்து, குளிருக்காக அதை அணைக்காமல் படுத்திருக்கிறார். உடம்பு விறைத்துப் போயிருந்தது. அடுப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"குடிச்சுப்போட்டுப் பனியிலை விழுந்தவன் எண்டால் இந்த ஊரிலை ஒருத்தரும் மறுகேள்வி கேக்க மாட்டாங்கள். வருசத்துக்கு ஒரு வெள்ளைக்காரன் அப்பிடித்தான் போவான். பக்கத்து அறை நோர்வேஜியன்ரை போத்திலை எடுத்து உடுப்பிலை ஊத்தினன். தூக்கிக்கொண்டு போய் வளைவுக்குக் கீழை வைச்சம். டொக்டர் பார்த்தார். குளிரிலை செத்தாலும் உடம்பு சிவக்கும், அடுப்புப் புகைக்குள்ளை செத்தாலும் சிவக்கும். அவர் பெரிசாய்ப் பார்க்கேல்லை."

"பிறகு எங்களுக்குக் கடிதம் எழுதினியள்."

"எல்லாருக்கும் ஒரே கதையாய் இருக்க வேணும் எண்டு..." அப்பா கட்டிலுக்கு மேலே சுவரைக் காட்டினார். பெயின்ற் மூடிய ஒரு சதுரம். "அது மட்டுமில்லை தங்கச்சி. அதிலை காத்து வாற ஓட்டை இருந்தது. அதாலை மணம் வெளியிலை போயிடும் எண்டு மீன் பெட்டிக்கு ஒட்டுற ரேப்பாலை அடைச்சதும் நான்தான். அது திறந்திருந்தால் அவன் இருந்திருப்பான். சாராயத்தை விடு. நான்தான் அவனைக் கொண்டனான்."

இவ்வளவு நேரமும் வாசலில் நின்ற இங்கெபோர்க் எதைக் காட்டுகிறார் என்று கேட்டார். சொன்னேன். முழுவதையும் சொன்னேன், ஏனென்றால் அரைகுறையாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் போய் உளியும் ஏணியும் கொண்டுவந்தார்.

பெயின்ற் உதிர்ந்தது. அதன் கீழ் தொழிற்சாலை ரேப், நாலு மடிப்பாக யாழ்ப்பாணப் பத்திரிகை, அதன் கீழ் மரச் சல்லடை. இங்கெபோர்க் சல்லடையைப் பெயர்த்து உள்ளே உளியை விட்டார். இரண்டு அங்குலத்தில் நின்றது. தட்டினார். கல்லில் தட்டிய சத்தம்.

"தார் பூசிய நார்," என்றார். "கப்பல் பலகைகளின் இடுக்கில் அடைப்பது. வெளிச்சுவர் வரை அடைத்திருக்கிறார்கள்."

ஒரு துண்டைப் பெயர்த்து மூக்கில் வைத்தோம். நாரின் வெளிப்புறம் முழுக்க அவிந்த திமிங்கிலம். உள்புறம் புகையிலை. மூக்கு சொன்ன காலம் முப்பதுகள். எண்ணெய்க் கொட்டகையின் நாற்றம் உள்ளே வராமல் வேட்டைக்காரர்களே ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். அப்பா அதன் மேல் பத்திரிகை ஒட்டியபோது அது ஐம்பது வருடங்களுக்கு மேலாக மூடிக் கிடந்த ஓட்டை.

"என் தாத்தாவாகவும் இருக்கலாம்," என்றார் இங்கெபோர்க். குரலில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

அப்பாவுக்குச் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்தார். நாற்பத்திரண்டு வருடமாகத் தூக்கியதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாத மாதிரி இரண்டு கையையும் பார்த்தார்.

"அப்ப நான்..."

"நீங்கள் அவனைக் கொல்லேல்லை," என்றார் தவமலர். "அது உங்களுக்கு நல்லது. ஆனால் நான் அதைக் கேக்க வரேல்லை. அடுப்பு விபத்து, தாசண்ணை. சாராயம் விபத்தில்லை."

"என்ன செய்யச் சொல்லுறாய் தங்கச்சி? சொல்லு. செய்யிறன்."

"காலிலை கீலிலை விழுந்திடாதேங்கோ. எனக்கு முழங்கால் வருத்தம், உங்களைத் தூக்க ஏலாது." கைப்பையைத் தோளில் மாட்டினார். "வருசா வருசம் அந்த எலும்புக்குக் கீழை நிண்டு சொன்னியளாம். எத்தினை பேருக்குச் சொன்னியளோ அத்தினை பேருக்கும் திருப்பிச் சொல்லுங்கோ. எங்கட ஆக்களுக்கு மட்டுமில்லை. கேட்டவங்கள், தலையாட்டினவங்கள், எல்லாருக்கும்."

"சங்கத்திலை என்ன சொல்லுவினம்?"

"என்ரை அப்பாவிட்டை என்ன சொல்லுவினம் எண்டு நீங்கள் யோசிச்சனீங்களோ?"

மணி பதினொன்றாகியிருந்தது. இங்கெபோர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தவமலரைப் பார்த்தார்.

"அவருக்கு முகமூடியில் என்ன வேண்டும் என்று கேள்."

கேட்டேன். தவமலர் யோசிக்கவில்லை. "அண்ணாவின்ரை குளிர்காலம். இவவின்ரை தாத்தாவையும் வைக்கட்டும். ஆனால் பக்கத்திலை ஒரு ஆள் நிண்டு கதையைச் சொல்ல வேணும். சும்மா முகர்ந்துபோட்டுப் போக விடக் கூடாது."

பின்னேரம் 32-ஐ எழுதினேன். இங்கெபோர்க் முகமூடியை மாட்டிக்கொண்டு திமிங்கிலத்துக்காகக் காத்திருந்தார். திமிங்கிலம் வரவே இல்லை. புகையிலை, தார், நனைந்த கம்பளி, சொக்ஸ். சொக்ஸ் மட்டும் இரண்டு காலத்திலும் ஒன்றேதான்.

*

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கப்பல் வந்தது. எட்டு எட்டுப் பேராக விடுதிக்குள் விட்டோம். இரண்டு முகமூடி வரிசை: முதலாவது 32, இரண்டாவது 89. முதல் வரிசையில் அவ்வளவு கூட்டமில்லை. சொக்ஸ் மணத்துக்கு யாரும் நெடுநேரம் நிற்பதில்லை. இரண்டாவது வரிசையின் பக்கத்தில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். சங்கத்தில் வெள்ளி பின்னேரமே சொல்லிவிட்டு வந்திருந்தார். தலைவர் பதவி போய்விட்டது. இரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து கத்தினார்கள். அம்மா அவரோடு பேசவில்லை. நானும் பெரிதாகப் பேசவில்லை. காலையில் சட்டைக் கொலரைச் சரி செய்துவிட்டேன், அவ்வளவுதான்.

தவமலர் அறையின் மூலையில், அந்தக் கட்டிலின் மேல் இருந்தார். கட்டிலில் உட்காரக் கூடாது என்று எழுதி வைத்திருந்தோம். இங்கெபோர்க் அந்த அறிவிப்பை எடுத்துவிட்டார்.

முதல் எட்டுப் பேரில் பெர்கனிலிருந்து வந்த ஒரு வயதான பெண்மணி முகமூடியை மாட்டியதும் சிரித்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. அறைக்குள் ஒளித்துச் சமைத்த மணம் அவருக்கு நன்றாகவே இருந்தது. புகை தொடங்குவதற்கு முந்திய பகுதி.

"அருமையான மணம்," என்றார் அப்பாவிடம். "என்ன சமையல் இது? செய்முறை தருவீர்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை.

"மீன்குழம்பு," என்றார் அப்பா, நாற்பது வருடம் ஆகியும் மீன் வாடை போகாத தன் நோர்வேஜியத்தில். "சமைத்தவன் பெயர் கருணைராசா. என் நண்பன். வயது இருபத்தேழு. இதைச் சமைத்த அன்றே இந்தக் கட்டிலில் செத்தான். குடித்துச் செத்தான் என்று நான் இந்த ஊருக்குச் சொன்னேன். அது பொய். அவன் குடிப்பதில்லை. செத்த பிறகு அவன் மேல் சாராயத்தை ஊற்றியது நான். ஏன் என்று சொல்கிறேன். முகமூடியைக் கழற்றுங்கள், அதோடு கேட்க முடியாது."

அந்தப் பெண் கழற்றினார். மற்ற ஏழு பேரும் திரும்பினார்கள். அப்பா தடை அறிவிப்பிலிருந்து தொடங்கி டொக்டர் வரை சொன்னார். ஒருவரும் கை தட்டவில்லை, தட்டுகிற விஷயமும் இல்லை. ஒரு ஆள் தொப்பியைக் கழற்றினார். அந்தப் பெண் கட்டிலில் இருந்தவரைப் பார்த்து, இவர் யார் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் கட்டிலருகே வந்து தவமலருக்குத் தலை குனிந்துவிட்டு வெளியே போனார்.

அப்பா சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். முகம் முழுக்க வியர்வை. இன்னும் முன்னூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர் இருந்தார்கள்.

தவமலர் கைப்பைக்குள்ளிருந்து தண்ணீர்ப் போத்திலை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்தார். போத்திலைத் திருப்பி வாங்கி மூடியைத் திருகினார்.

"அடுத்த ஆக்கள் வாசலிலை நிக்கினம், தாசண்ணை."